மூக்கை மட்டும்

துண்டு ஈரமாக இருக்கிறது, கொடியிலிருந்து வேறு ஒன்று வேண்டும் என்று மனைவி ஹில்டா கொல்லைப்புறத்திலிருந்து குரல் கொடுத்தபோது ஜெயபால் டைப்ரைட்டருக்குப் புது ரிப்பன் மாட்டிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கறுப்பு மை. அந்தக் கையால் குழந்தையின் துண்டைத் தொடக் கூடாதென்று, முழங்கையால் கொடியிலிருந்து தள்ளித் தோளில் விழவைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். ஹில்டா அதை உருவிக்கொண்டாள்.

"கொடிக்கம்பமே நடந்து வருது" என்றாள்.

கொல்லையில், குழந்தையைக் குளிப்பாட்ட வரும் வேம்புலியம்மாள் பலகையில் உட்கார்ந்து கால்களை நீட்டியிருந்தாள். அவள் கணுக்காலில் தலையும் மடியில் பாதங்களுமாக மகள் ஜெயகுமாரியின் குழந்தை மல்லாந்து கிடந்தது. பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய புடவையோடு ஹில்டா உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில் இருந்தது. பேத்தி வந்த நாளிலிருந்து அவள் வழக்கமான ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலில்தான் போகிறாள்.

உடம்புக்கு நல்லெண்ணெய். மூக்குக்கென்று தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் விளக்கெண்ணெய். அதை வேம்புலியம்மாள் தன் வீட்டிலேயே வெதுவெதுப்பாகக் காய்ச்சி, பின்தெருவிலிருந்து சிந்தாமல் எடுத்து வருவாள். கல்லின்மேல் வைப்பாள். குளிப்பாட்டி முடித்துத் தலை துவட்டும் நேரத்தில் அவள் சுண்டுவிரல் கிண்ணத்தில் தோயும்.

"மூக்கை மட்டும் விட்டுடு வேம்புலி" என்பாள் ஹில்டா.

"நீ ஒக்காந்துகினு கீறியே தாயே, உன்ன மீறி ஊத்திடுவேனா?" விரலைக் குழந்தையின் உச்சியில் துடைத்துவிட்டு, நிறைந்த கிண்ணத்தோடு வீட்டுக்குப் போவாள். பிறகு எதற்குத் தினமும் கொண்டு வருகிறாய் என்று ஜெயபால் ஒருமுறை கேட்டார். டாக்டரம்மாவுக்கு என்றைக்காவது மனசு மாறினால் அன்றைக்கு எண்ணெய் தேடிக்கொண்டு ஓடுவதா என்றாள்.

அன்றும் அப்படித்தான் நடந்தது. ஹில்டா குழந்தையைத் துடைத்து, அக்குளிலும் கழுத்து மடிப்பிலும் ஈரம் இல்லாமல் ஒற்றி, மகள் கையில் கொடுத்தாள். எழுந்தாள். நிலைப்படியைப் பிடித்தாள். பிறகு உட்கார்ந்தாள், ஸ்டூலில் அல்ல, அதன் பக்கத்தில், தரையில். கீழே எதையோ எடுக்கக் குனிகிறாள் என்றுதான் ஜெயபால் நினைத்தார்.

ரெட்டி தெரு நர்சிங் ஹோமில் இருந்த இளம் டாக்டர் அவளிடம் படித்தவன். நெஞ்சில் குழாயை வைத்தவன் எடுக்காமலே வெகுநேரம் குனிந்திருந்தான். வரும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஜெயபால்தான் அவன் தோளைத் தொட்டு, பரவாயில்லை தம்பி என்றார். வெள்ளைக் கோட்டில் மை ஒட்டியது.

மறுநாள் காலையிலிருந்து வீட்டில் கூட்டம் குறையவில்லை. கூடத்தில் பெஞ்சின்மேல் ஹில்டா கிடந்தாள். அடியில் ஐஸ் பாளங்கள் மரத்தூளுக்குள் உருகிக்கொண்டிருந்தன. எப்படி ஆயிற்று என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். முதலில் கேட்டவர்களுக்கு ஜெயபால் துண்டிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். பிறகு நிலைப்படியிலிருந்து. மத்தியானத்துக்குள் 'ஹார்ட்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். கை குலுக்கியவர்கள் அவர் நகக்கண்ணில் இருந்த மையைப் பார்த்தார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும். அதற்கு எழுந்து போக வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய டாக்டர்கள் வந்தார்கள். ஹில்டாவின் பணி என்று ஒருவர் ஆரம்பித்து, இடம் பார்த்து நிறுத்திக்கொண்டார். வார்டு ஆயாக்கள் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கி, சத்தம் போடாமல் அழுதார்கள். பச்சைக் குழந்தைகள் வார்டில் பழகிய அழுகை.

முப்பது வருஷ வேலையை யாராவது கேட்டால் ஜெயபாலால் சொல்ல முடியும். அவர் டாக்டர் இல்லை. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. ஆனால் அவள் எழுதிய கட்டுரை ஒவ்வொன்றையும் மாலையில் வேலை விட்டு வந்து டைப் அடித்தது அவர்தான். நுரையீரல் நோய்களின் நீண்ட பெயர்களை அவர் வாயால் சொல்லத் தடுமாறுவார், விரல்கள் தடுமாறாது.

வார்டுக்கு மூச்சுத் திணறி வரும் பச்சைக் குழந்தைகள் சிலருக்கு எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு தெரியும். எந்த ஊசிக்கும் அது கலையாது. பால் புரையேறியிருக்கும் என்றார்கள் மேலே இருந்தவர்கள். ஹில்டாவுக்கு அது போதவில்லை. தாய்மாரிடம் கேட்டாள். டாக்டர் திட்டுவார் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் லீவு நாட்களில் பஸ் பிடித்து நசரத்பேட்டை, திருமழிசை, வேப்பம்பட்டு என்று வீடு வீடாகப் போய், குழந்தை குளிக்கும் இடத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். ஜெயபால் டீக்கடையில் காத்திருப்பார். மூக்கில் எண்ணெய் விடுகிறார்கள், குழந்தை தும்முகிறது, தும்மியதும் சளி இறங்கிவிட்டது என்று எல்லாருக்கும் நிம்மதி. தும்மலில் வெளியே வராத எண்ணெய் உள்ளே போகிறது. நுரையீரலுக்கு அதைத் துப்பத் தெரியாது. மூச்சு கிடைக்காமல் நீலம் பாரித்த அந்த நேரத்தை மூளை மறப்பதில்லை என்பதை அவள் பிற்பாடு கண்டாள். அந்தக் குழந்தைகளைத் தேடிப் போய், தலை நின்றதா, உட்கார்ந்ததா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பார்ப்பதில் மீதி வருஷங்கள் போயின. கண் பின்தொடர்கிறதா என்று பார்க்கச் சிவப்பு உல்லன் பந்து ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கும்.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. இப்படியொரு பழக்கம் எங்கள் வாசகர்களுக்குப் பரிச்சயமில்லை என்றிருந்தது. பரிச்சயமில்லாததால்தானே எழுதுகிறோம் என்று ஹில்டா சிரித்தாள். பிறகு இங்கேயே அச்சானது. கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள், தலையாட்டினார்கள். அடுத்த வாரமே வார்டில் இன்னொரு எண்ணெய்க் குழந்தை படுத்திருக்கும்.

"படம் போட்டு ஒட்டினேன், நோட்டீஸ் அடிச்சேன்" என்று ஒருமுறை ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது சொன்னாள். "பக்கத்துல உட்கார்ந்தா ஊத்தறதில்ல. எழுந்து வந்தா ஊத்திடறாங்க. ஒரு ஊருக்கு எத்தனை ஸ்டூல்தான் போடறது?"

நெஞ்சில் எந்தக் கசப்பும் இல்லாதவள்போல, காய்கறிக்காரனிடம் விலை கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

நசரத்பேட்டையிலிருந்து வந்திருந்த ஜெயபாலின் அக்கா ஞானசௌந்தரி, பிரேதம் கிடக்கிற வீட்டில் பச்சைக் குழந்தை ஆகாது என்று வந்தவுடனே சொல்லிவிட்டாள். வேதக்காரர்களுக்கு அதெல்லாம் கிடையாது என்று ஆயர் ஒவ்வொரு முறையும் சொல்வார். ஆனாலும் குழந்தை முந்தின நாளே பின்தெருவுக்கு, வேம்புலியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டது. பால் கொடுக்கிற நேரத்துக்கு ஜெயகுமாரி பின்வாசல் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தாள். அழுவதற்கும் அவளுக்கு இடைவெளி பார்க்க வேண்டியிருந்தது.

மாலை மூன்று மணிக்குமேல் மழை இறங்கும்போல் இருந்தது. சவப்பெட்டி வந்து வாசலில் நின்றது. வேம்புலியம்மாள் கடைசியாக ஒருமுறை ஹில்டாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின்பக்கமாகக் கிளம்பினாள். அவளை ஞானசௌந்தரி நடையில் நிறுத்தினாள். ஜெயபால் இருந்த நாற்காலிக்கு அது எட்டும் தூரம்தான்.

குழந்தைக்கு மூக்கடைத்து உறுமிக்கொண்டிருக்கிறதாமே என்று அக்கா கேட்டாள். ஐஸ் காற்று பட்டிருக்கும், வெந்நீர் ஊற்றி, மூக்கில் இரண்டு சொட்டு விட்டு, சாம்பிராணி காட்டித் தூங்கவை என்றாள். கேட்கவே காத்திருந்தவள்போல வேம்புலியம்மாள் தலையை ஆட்டியது ஜெயபாலுக்குத் தெரிந்தது.

அப்போது கம்பெனி ஆட்கள் மாலையோடு உள்ளே வந்தார்கள். அவர் எழுந்து நின்றார். மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஹில்டாவின் தலைமாட்டில் மாலை வைக்க இடம் பண்ணினார்கள். பாட்டு ஆரம்பமாயிற்று. அக்கா சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது, உள்ளே போகவில்லை. இரண்டாவது அடியைப் பாடும்போது ஹில்டாவின் முகத்தைப் பார்த்தார். மூக்குத் துவாரங்களில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

அவர் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்பக்கம் நடந்தார். கழிப்பறைக்குப் போகிறார் என்று வழி விட்டார்கள்.

பின்தெருவில் சேறு. அவசரத்தில் செருப்பு போடவில்லை. வேம்புலியம்மாள் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓலைத்தட்டி மறைப்பு. உள்ளே அண்டாவில் வெந்நீர் ஆவி பறந்தது. அவள் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். குழந்தை கால்மேல் கிடந்தது. துண்டைப் பிடித்துக்கொண்டு அவள் மகள் நாகவல்லி நின்றாள். பதினைந்து வயது. ஒரு காலை இழுத்துத்தான் நடப்பாள். சொல்கிற நான்கைந்து வார்த்தையும் அம்மாவுக்கு மட்டுந்தான் புரியும். கிண்ணம் கல்லின்மேல் இருந்தது. ஜெயபால் முதலில் அதைப் பார்த்தார். நிறைந்திருந்தது.

"இன்னா சாரு, இங்க வந்துகினு கீறே? அங்க அம்மாவ எடுக்கற நேரம்."

"குளிப்பாட்டும்மா. நான் இப்படி உக்காந்துக்கறேன்."

துவைக்கிற கல் ஈரமாக இருந்தது. அதில் உட்கார்ந்தார். புது வேட்டி நனைந்தது.

வேம்புலியம்மாள் அவரைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது. தண்ணீரைக் கையில் ஏந்திச் சூடு பார்த்தாள். நல்லெண்ணெயைத் தேய்த்தாள். கையை, காலைக் குறுக்காகப் பிடித்து நீவினாள். வெந்நீரை மொண்டு ஊற்றினாள். குழந்தை அழ ஆரம்பித்தது. மூக்கு அடைத்திருந்ததால் அழுகை இரண்டு துண்டாக வந்தது.

"கேட்டியா" என்றாள். "சளி. இத்த இப்டியே வுட்டா மேல ஏறிடும் சாரு. அம்மா இருந்தவரைக்கும் அவங்க பேச்ச நான் மீறல. இப்ப அவங்களே பூட்டாங்க. இனிமே யாருக்கோசரம்?"

தெருவைத் தாண்டிப் பாட்டு கேட்டது. முடியப்போகிற அடி.

"தோ நிக்குதே, இத்த எடுத்துக்கோ" என்றாள். நாகவல்லியைப் பார்க்காமல் மோவாயால் காட்டினாள். "இதுக்கு ஊத்திகினுதான் இருந்தேன். நல்லாத்தான் இருந்திச்சி. மூச்சு முட்டி ஆஸ்பத்திரில போட்டோம். டாக்டரம்மா வார்டுதான். பொயக்கவச்சாங்க, இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா இனிமே எண்ணெ வுடாதன்னாங்க. நானும் வுட்டேன். சளி எறங்க வயி இல்லாம மண்டைக்கு ஏறிப்பூட்ச்சி. அந்தம்மா மேல எனக்குக் கோவம் இல்ல சாரு. நல்லதுக்குத்தான் சொன்னாங்க. ஆனா அவங்க பேத்திக்கும் இப்டி ஆவறத நான் பாத்துகினு இருக்கணுமா?"

சுண்டுவிரல் கிண்ணத்தில் இறங்கியது.

ஜெயபாலுக்கு நாகவல்லியின் பழைய எக்ஸ்ரேயைப் பற்றித் தெரியும். நேரில் பார்த்ததில்லை. வேம்புலியம்மாள் குடும்பம் திருமழிசையில் நிலமெல்லாம் தொழிற்பேட்டையான பிறகு நாற்று நடுகிற வேலையும் போய், இந்தப் பின்தெருவுக்குக் குடிவந்த புதிதில், ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது ஹில்டா சொன்னாள். அந்தத் தாயையும் பிள்ளையையும் அவளுக்கு அடையாளம் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும்போதே நுரையீரல் இரண்டிலும் எண்ணெய். இரண்டு நாள் நீலமாகவே கிடந்தது. நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டேன், ஆனால் வேறு காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை என்றாள். அதை அவளிடம் சொல்லிவிடலாமே, உன்னையல்லவா குறை சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்று ஜெயபால் கேட்டார்.

ஹில்டா நடந்துகொண்டேயிருந்தாள். வீட்டு கேட் வந்தபிறகுதான் சொன்னாள்.

"அந்தப் புள்ளைக்குத் தானா சாப்பிட வராதுங்க. தினமும் அவதான் பிசைஞ்சு ஊட்டறா. அந்தக் கையாலதான். இது தெரிஞ்சா நாளைக்கு எப்படி ஊட்டுவா?"

ஒரு வாக்கியம் போதும். ஜெயபாலின் வாய்வரை வந்து நின்றது. இந்தக் குழந்தைக்கு இன்றைக்கும் நாளைக்கும் என்றைக்கும் யாரும் எண்ணெய் விடாமல் செய்துவிடக்கூடிய வாக்கியம். அவர் நாகவல்லியைப் பார்த்தார். அவள் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, குழந்தை தன்னிடம் வரப்போகிற சந்தோஷத்தில் வாய் பிளந்து, அம்மா பக்கம் குனிந்து நின்றாள். மோவாயில் எச்சில் வழிந்தது. வேம்புலியம்மாள் எண்ணெயில் தோயாத கையை நீட்டி, முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். பழக்கத்தில் செய்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெயபால் வாயை மூடிக்கொண்டார்.

தட்டிக்கு அப்பால் மருமகன் பிரகாசத்தின் குரல் கேட்டது. நெய்வேலியிலிருந்து விடியற்காலை வந்தவன், இன்னும் அதே பேண்ட்டில் இருந்தான். அக்கா தேடச் சொன்னாளாம். கல்லறைத் தோட்டத்திலிருந்து ஆள் வந்திருக்கிறான், குழியில் தண்ணீர் ஊறுகிறது, மழைக்கு முன்னால் இறக்க வேண்டும் என்கிறான்.

"பெட்டிய மூடப் போறாங்க மாமா. நீங்க வந்து பாத்துட்டா..."

ஜெயபால் கிண்ணத்தின்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்போது எழுந்தால் ஒரு நிமிஷ வேலை. போய், குனிந்து, நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு வந்துவிடலாம். ஒரு நிமிஷத்துக்கு இரண்டு சொட்டு.

"மூடச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார்.

பிரகாசம் நின்றான். தன் குழந்தையை, வேட்டி நனைய உட்கார்ந்திருக்கும் மாமனாரை, வேம்புலியம்மாளை மாறி மாறிப் பார்த்தான். அவரால் ஹில்டாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லைபோலும் என்று அவனாக ஒன்றைப் புரிந்துகொண்டு திரும்பிப் போனான். அவன் அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

வேம்புலியம்மாளின் கை அப்படியே இருந்தது. நுனியில் சொட்டு திரண்டு தொங்கியது.

"ஐயே, போ சாரு" என்றாள். "போய் மூஞ்சியப் பாரு. நான் ஊத்தல. போ."

"நீ முடிம்மா."

"என்ன நம்பல நீ."

ஹில்டா யாரையும் நம்பாமல் உட்காரவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நேற்றுக் காலைவரை அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

பாட்டு நின்றது. அந்த அமைதியில் பெட்டியின் மூடி உட்காரும் ஓசை வந்தது. பிறகு ஆணி. ஒவ்வொரு அடிக்கும் நாகவல்லி தோளைக் குலுக்கினாள். குழந்தை அழுகையை நிறுத்திக் கேட்டது.

வேம்புலியம்மாள் விரலைக் குழந்தையின் உச்சியில் வைத்துத் துடைத்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து விழுந்ததையும் சேர்த்துத் தேய்த்தாள். பிறகு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி நுனியால் மூக்கை வெளியே மட்டும் ஒற்றி எடுத்தாள். நாகவல்லி குனிந்து துண்டில் வாங்கிக்கொண்டாள். ஜெயபால் எழுந்தார்.

வாசலில் வண்டி புறப்படத் தயாராக நின்றது. பெட்டி ஏற்றியாகிவிட்டது. எங்கேடா போனே என்று கேட்க வந்த ஞானசௌந்தரி, அவர் வேட்டியையும் சேற்றுக் காலையும் பார்த்துவிட்டு, தன் முந்தானையைக் கொடுத்தாள். அவர் எதைத் துடைப்பது என்று தெரியாமல் கையைத் துடைத்தார். மை போகவில்லை. படியில் உட்கார்ந்திருந்த ஜெயகுமாரி தலை நிமிர்த்தாள்.

"குளிப்பாட்டியாச்சாப்பா?"

"ஆச்சும்மா."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகர்ந்து, படியில் அவருக்கு இடம் விட்டாள்.

குழியில் தண்ணீர் இருந்தது. வாளியால் இறைத்துவிட்டு இறக்கினார்கள்.

மறுநாள் வீடு கழுவியிருந்தது. கூடத்தில் பெஞ்சு கிடந்த இடத்தில் மட்டும் மரத்தூள் சிமென்ட் கீறலுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. டைப்ரைட்டரில் ரிப்பன் பாதி மாட்டியபடி தொங்கியது. குழந்தை தாயோடு வீடு வந்து சேர்ந்திருந்தது. இரவில் பெய்த மழையில் கொல்லையில் பாசி வழுக்கியது. ஸ்டூல் எங்கே போயிற்றென்று ஜெயபால் தேடினார். பூமாலைகளை வைக்க யாரோ வாசலுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அதைக் கொண்டுவந்து, அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.

வேம்புலியம்மாள் பின்பக்கக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள். அவரைப் பார்த்தாள். பலகையைப் போட்டுக் காலை நீட்டினாள். மூக்கடைப்பு கொஞ்சம் விட்டிருக்கிறது என்று ஜெயகுமாரி சொன்னாள். எண்ணெய், தண்ணீர், மாவு, மறுபடி தண்ணீர். கடைசியில் துண்டு கேட்டாள். காய்ந்த துண்டாகப் பார்த்து ஜெயகுமாரி எடுத்துக் கொடுத்தாள்.

குழந்தையை உள்ளே கொண்டுபோன பிறகு வேம்புலியம்மாள் பலகையைச் சுவரில் சாய்த்தாள். கல்லின்மேல் இருந்த கிண்ணத்தை எடுத்தாள். விளிம்புவரை நிறைந்திருந்த விளக்கெண்ணெய் சிந்திவிடாமல், மெல்ல அடியெடுத்து வைத்து வீட்டுக்குப் போனாள்.